இரண்டு கனிகளும் இரண்டு மனக்காயங்களும்

செந்தூலில் வாழும் தமிழர்களுக்குத் தண்டாயுதபாணி கோயில் நன்கு அறிமுகமானது. தண்டினைக் கையில் ஏந்தியவன் என்பது அப்பெயரின் பொருள். அது பழனி மலையில் முருகன் கொண்ட ஆண்டிக் கோலத்தைக் குறிக்கும் பெயர். அரசிளங்குமரன் ஒருவன் ஆண்டியானது ஏன் என்று மாணவர் வினவினால், ஒரு கனியின் கதையை நாம் சொல்கிறோம். அதைப் போன்ற கனிக்கதை ஒன்று கிரேக்கத் தொன்மத்திலும் உண்டு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், குறியீடு என்பது யாது, கதைமாந்தரின் உள்நோக்கம் என்பது யாது என்னும் வேறுபாடு தெளிவாகும்.

பெலியூஸ், தெட்டிஸ் ஆகியோரின் திருமணத்திற்குப் பிணக்கின் தெய்வமான எரிஸ் அழைக்கப்படவில்லை. அவமதிப்பால் வெகுண்ட அவள், 'பேரழகிக்கு உரியது' என்று பொறித்த பொற்கனியை அவையில் உருட்டிவிட்டாள். ஹீரா, அதீனா, அப்ரோடைட்டி ஆகிய மூவரும் அதற்கு உரிமை கோரினர். மனைவியும் மகளும் போட்டியில் நின்றமையால் ஜீயஸ் தீர்ப்பளிக்கத் தயங்கி, அப்பொறுப்பை டிராய் நாட்டு இளவரசன் பாரிஸிடம் தள்ளிவிட்டார். ஹீரா ஆட்சியையும், அதீனா போர்வெற்றியையும், அப்ரோடைட்டி உலகப் பேரழகி ஹெலனையும் தருவதாகக் கூறினர். பாரிஸ் ஹெலனைத் தேர்ந்தான். அவளோ ஸ்பார்ட்டா மன்னன் மெனலாஸின் மனைவி. பத்தாண்டுப் போரில் டிராய் அழிந்தது.

இங்குக் கனி எவரையும் தீயவராக்கவில்லை. ஒவ்வொருவர் உள்ளத்திலும் முன்பே இருந்ததை அது வெளிக்கொணர்ந்தது. தேவியர் கொடுக்க முன்வந்த கையூட்டு அவரவர் இயல்பைக் காட்டியது. பாரிஸின் தேர்வு அவன் வேட்கையைக் காட்டியது. ஜீயஸின் தயக்கம் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் மனத்தைக் காட்டியது.

இனி, நாரதர் கொணர்ந்த ஞானப்பழத்திற்கு வருவோம். உலகை முதலில் வலம் வருபவருக்கே பழம் என்றதும் முருகன் மயிலேறிப் பறந்தான். விநாயகர் பெற்றோரை வலம் வந்து பழத்தைப் பெற்றார். 'பழம் என்பது ஞானம். ஆகவே ஞானமே வென்றது' என்று நாம் விளக்கி முடித்துவிடுவது வழக்கம். ஆனால் கூர்மையுள்ள மாணவர் ஒருவர், "சொன்ன சொல்லை அப்படியே நிறைவேற்றியவர் முருகன்தானே?" என்று கேட்கக்கூடும். அக்கேள்வி நியாயமானதே. விநாயகர் சொல்லின் உட்பொருளைப் பற்றினார். முருகன் சொல்லையே நம்பினான். அவன் சினம் பழத்திற்காக எழுந்தது அன்று. தன் உழைப்பு மதிக்கப்படவில்லையே என்னும் வருத்தத்தால் எழுந்தது. குறியீட்டைக் கூறி இந்த வருத்தத்தை மறைத்துவிட்டால், கதையின் உயிர் போய்விடும்.

இரு கதைகளிலும் கனி முதன்மையன்று என்பதற்கு இலக்கிய வரலாறும் துணைநிற்கிறது. ஹோமரின் இலியட் காவியம் பாரிஸின் பிழையை 24ஆம் பகுதியில் சில அடிகளில் மட்டுமே சுட்டுகிறது, கனியைக் குறிப்பிடவில்லை. பொற்கனியை விரித்துரைப்போர் பிற்கால ஆசிரியர்களே. திருமுருகாற்றுப்படை ஆவினன்குடியைப் போற்றுகிறது. அப்பகுதியிலும் பழக்கதை இல்லை. 'பழம் நீ' என்பதே பழனி ஆயிற்று என்பது மக்கள் வழக்கு. அகநானூறு அம்மலையைப் பொதினி என்று குறிப்பதாக அறிஞர் கூறுவர். மனத்தில் நிகழ்வதைக் கண்முன் நிறுத்தவே கதைசொல்லிகள் பின்னர்க் கனியைக் கொணர்ந்தனர் எனலாம்.

இவ்விரு கதைகளும் எங்குப் பிரிகின்றன? ஹீரா, அதீனா ஆகியோரின் மனக்காயத்தை ஆற்ற எவரும் செல்லவில்லை. அவர்கள் கிரேக்கர் பக்கம் நின்று டிராயை வீழ்த்தத் துணைபுரிந்தனர். முருகனைத் தேடியோ பெற்றோரே மலைக்கு வந்தனர். 'நீயே பழம்' என்று தேற்றினர். அவன் கயிலைக்குத் திரும்பவில்லை. ஆயினும் அவன் ஒதுங்கி நின்ற மலை, பகையின் களமாகாமல் வழிபாட்டின் இடமாயிற்று.

நம் வகுப்பறைகளிலும் போட்டிகள் நடக்கின்றன; பரிசு ஒருவருக்கே கிடைக்கிறது. முழு முயற்சியுடன் உலகைச் சுற்றி வந்தும் வெறுங்கையுடன் நிற்கும் பிள்ளை ஒருவர் எந்த வகுப்பிலும் இருப்பார். கனியின் பொருளைக் கற்பிப்பதுடன், அப்பிள்ளை நிற்கும் இடத்திற்கு நாம் நடந்து செல்வதும் ஆசிரியப் பணியே ஆகும்.