எந்தப் பிள்ளைக்கும் வயலின் வரும்
கோடை இசை முகாம்களில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறை

"அதெல்லாம் நம்ம புள்ளைக்கு வராதுங்க." இந்தப் பேச்சை நாங்கள் லயத்தில் கேட்கிறோம், பெரட்டுக் களத்தில் கேட்கிறோம், பாடசாலைக் கூட்டங்களிலும் கேட்கிறோம். கணக்கு வராது, இங்கிலீஷ் வராது, பாட்டு வராது என்று பெற்றோர் சொல்லும்போது பிள்ளையும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருக்கும். கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளையும் அதையே சொல்லத் தொடங்கிவிடும்.

இதற்கு ஜப்பான் நாட்டு வயலின் வாத்தியார் ஒருவர் தமது வாழ்நாள் முழுக்கச் செய்து காட்டிய பதில் ஒன்று உண்டு. அவர் வழியைப் பின்பற்றி இன்று பல நாடுகளில் கோடை விடுமுறை முகாம்கள் நடக்கின்றன. மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள்கூட அங்கே வயலினும் வயோலாவும் பழகுகிறார்கள். அந்த முறை என்ன, அதில் நமக்கு உதவக்கூடியது எது என்பதை இங்கே விளக்குகிறோம்.

சுசுகி என்ற வாத்தியார்

ஷினிச்சி சுசுகி 1898ஆம் ஆண்டு ஜப்பானின் நகோயா நகரில் பிறந்தார். தகப்பனார் வயலின் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தவர். அப்படியிருந்தும் சுசுகி சின்ன வயதில் வயலின் பழகவில்லை. 17 வயதளவில் மிஷா எல்மன் என்ற கலைஞரின் இசைத்தட்டைக் கேட்ட பிறகுதான் ஆசை பிறந்து, தானாகவே வாசித்துப் பார்க்கத் தொடங்கினார். 1920களில் ஜெர்மனிக்குப் போய் பெர்லின் நகரில் படித்தார். அங்கே வளர்ந்த மனிதரான அவர் ஜெர்மன் பாஷை பேசப் பெரும்பாடு பட்டார். அந்த ஊர்ச் சின்னப் பிள்ளைகளோ அதைத் தண்ணீர் பட்ட பாடாகப் பேசின.

நாடு திரும்பிய பின், 1930களின் தொடக்கத்தில் ஒரு தகப்பன் தன் நான்கு வயது மகனைக் கூட்டிவந்து வயலின் பழக்கச் சொன்னார். இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு எப்படிக் கற்பிப்பது என்று யோசித்தபோதுதான் சுசுகிக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. ஜப்பான் பிள்ளைகள் எல்லாருமே ஜப்பான் பாஷை பேசுகிறார்கள்! பாடசாலையில் மந்தம் என்று பெயர் வாங்கிய பிள்ளையும் அந்தக் கஷ்டமான பாஷையைப் பேசத்தான் செய்கிறது. அப்படியானால் மூளையில் குறை இல்லை, பழக்கும் விதத்தில்தான் குறை என்று அவர் முடிவுக்கு வந்தார். அந்த நான்கு வயதுப் பையன் தோஷியா எத்தோ, பிற்காலத்தில் பேர்பெற்ற வயலின் கலைஞர் ஆனார்.

நம்ம லயத்துப் பிள்ளையையே பாருங்கள். 'அம்மா' என்று சொல்வதற்கு முன் அந்தச் சொல்லை ஆயிரம் தடவை கேட்டிருக்கும். முதல்முதலாக 'ம்மா' என்றபோது வீடே கூடிச் சந்தோஷப்பட்டது. "சரியாச் சொல்லல" என்று யாரும் தலையில் குட்டவில்லை. அடுத்த சொல் வந்ததும் முதல் சொல்லைக் கைவிடவும் இல்லை. சிங்கள ஆட்கள் பக்கத்தில் குடியிருந்தால் சிங்களமும் சேர்ந்தே வந்துவிடுகிறது. கேட்பது, பார்த்துச் செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, சந்தோஷப்படுத்துவது: இவ்வளவும் சேர்ந்ததுதான் சுசுகியின் 'தாய்மொழி முறை'.

யுத்தம் முடிந்த மறு வருஷம், 1946இல், மட்சுமோட்டோ நகரில் அவர் பழக்கத் தொடங்கினார். 1955இல் டோக்கியோவில் ஏறக்குறைய 1,200 பிள்ளைகள் ஒன்றாக நின்று வயலின் வாசித்தார்கள். 1964இல் பத்துப் பிள்ளைகள் அமெரிக்காவுக்குப் போய் பிலடெல்பியாவில் கூடிய இசை ஆசிரியர்கள் முன் வாசிக்க, அந்த நாட்டு ஆசிரியர்கள் பலர் இந்த முறையைப் படிக்கத் தொடங்கினார்கள். 1971இல் விஸ்கொன்சின் மாநிலத்தின் ஸ்டீவன்ஸ் பொயின்ட் என்ற ஊரில் அமெரிக்காவின் முதல் சுசுகி கோடை முகாம் நடந்தது. சுசுகி 1998இல் 99ஆவது வயதில் காலமானார்.

வயலினும் வயோலாவும்

வயலினை நமக்குத் தெரியும். கோயில் கச்சேரியில் பாட்டுக்காரர் பக்கத்தில் இருப்பது அதுதான். மேல்நாட்டிலிருந்து வந்த இந்த வாத்தியத்தைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் என்று சொல்லப்படுகிறது. நம்மவர்கள் தரையில் உட்கார்ந்து, வயலினின் தலைப்பகுதியைக் காலில் ஊன்றி வாசிப்பார்கள். மேல்நாட்டு முறையில் நாடியின் கீழே, இடது தோளில் வைத்து, பெரும்பாலும் நின்றுகொண்டு வாசிப்பார்கள்.

வயோலா பார்க்க வயலின் மாதிரியே இருக்கும். ஆனால் சற்றுப் பெரிது, குரல் தடிப்பு. இரண்டுக்கும் நான்கு தந்திதான். வயலினின் ஆக உச்சமான தந்தி வயோலாவில் இல்லை. அதற்குப் பதிலாக அடியில் ஒரு கனத்த தந்தி இருக்கும். கூட்டுப் பாட்டில் நடுக்குரல் எப்படியோ, வாத்தியக் குழுவில் வயோலா அப்படி. தனியாகக் காதில் விழாது, இல்லாவிட்டால் பாட்டு வெறுமையாகிவிடும். வயோலா பழகுகிறவர்கள் குறைவு என்பதால் நல்லாப் பழகிய பிள்ளைக்கு வாத்தியக் குழுக்களில் இடம் கிடைப்பது சுலபம். வயலினில் தொடங்கிப் பிறகு வயோலாவுக்கு மாறும் பிள்ளைகள் பலர்.

சின்னக் கைக்குச் சின்ன வயலின்

நான்கு வயதுப் பிள்ளை முழு வயலினைப் பிடிக்க முடியாது. அதற்காக 1/16, 1/10, 1/8, 1/4, 1/2, 3/4 என்று பல அளவுகளில் வயலின் செய்கிறார்கள். இந்தக் கணக்கு வெறும் பெயர்தான். 1/2 வயலின் என்றால் நீளத்தில் பாதி என்று எண்ணக் கூடாது. முழு வயலினின் உடல் சுமார் 14 அங்குலம், 1/2 வயலின் 12 அங்குலத்துக்குச் சற்று மேல், 1/16 சுமார் 9 அங்குலம். வயலினைத் தோளில் வைத்து இடது கையை நீட்டினால், முழங்கை சற்று மடங்கியபடி தலைப்பகுதி உள்ளங்கைக்குள் வர வேண்டும். கை எட்டவில்லையென்றால் அளவு பெரிது. பெரிய வயலினில் பழகினால் கையும் தோளும் இறுகி, பிறகு திருத்துவது கஷ்டம். மிகச் சின்னப் பிள்ளைக்கு வயோலா வேண்டுமென்றால், சின்ன வயலினிலேயே வயோலாத் தந்தி மாட்டிக் கொடுப்பதும் உண்டு.

முதல் பாடம்

முதல் பாடத்தில் பிள்ளை வாசிப்பதே இல்லை. வாத்தியாரும் பிள்ளையும் ஒருவருக்கொருவர் குனிந்து வணக்கம் சொல்வார்கள். பிறகு ஒரு கடதாசியில் பிள்ளையின் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு, அதில் ஆடாமல் நிற்கப் பழக்குவார்கள். பல இடங்களில் முதல் வயலின் ஒரு காலிப் பெட்டி. அதில் அடிமட்டத்தை ஒட்டி, தோளில் வைக்கச் சொல்வார்கள். கீழே விழுந்தாலும் நட்டமில்லை. வில்லைப் பிடிக்கும் விரல்களை முதலில் ஒரு பென்சிலில் பழக்குவார்கள். நல்ல வயலின் கைக்கு வந்ததும் விரல் வைக்கும் இடங்களில் நிறத் துண்டுகளை ஒட்டிக் கொடுப்பார்கள்.

ஒரு நேரத்தில் ஒரு விஷயம்தான். இன்று கட்டைவிரல் என்றால் கட்டைவிரல் மட்டும். நாடி, முழங்கை, வில் எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்தப் போனால் பிள்ளை குழம்பிப்போகும். பத்துத் தடவை செய்ய வேண்டுமானால் பத்து மணிகளை வைத்து, ஒவ்வொரு தடவைக்கும் ஒன்றைக் கோப்பையில் போடச் சொல்வார்கள். பயிற்சி விளையாட்டாகிவிடும்.

முதல் மெட்டு, நம் பாலர் பாடசாலைகளிலும் கேட்கும் 'ட்விங்கிள் ட்விங்கிள் லிட்டில் ஸ்டார்'. இசைக் குறிப்பை வாசிப்பது பிறகுதான். பேசிப் பழகிய பின்தானே எழுத்து? இப்படிப் பழகும் பிள்ளைகள் குறிப்பு வாசிப்பதில் பின்தங்குகிறார்கள் என்று குறை சொல்லும் ஆசிரியர்களும் உண்டு. அதனால் பல முகாம்களில் குறிப்பு வாசிக்கத் தனி வகுப்பும் வைக்கிறார்கள்.

முகாமில் நடப்பது என்ன?

அமெரிக்காவில் ஜூன் தொடக்கம் ஆகஸ்ட் வரை நீண்ட பாடசாலை விடுமுறை. அந்த நாட்களில் ஒரு முகாம் பெரும்பாலும் ஒரு வாரம் நடக்கும். ஒரு வகுப்பில் மூன்று நான்கு பிள்ளைகள் ஒரு மணித்தியாலம் இருப்பார்கள். வாத்தியார் ஒவ்வொருவரையும் சுமார் கால் மணித்தியாலம் கவனிப்பார், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்படிப் பார்ப்பதும் படிப்புத்தான். அடுத்தது கூட்டு வகுப்பு. ஒரே தரத்துப் பிள்ளைகள் சேர்ந்து வாசிப்பார்கள். அதற்கப்பால் வாத்தியக் குழு, பாட்டு, கைவேலை என்று வேறு வகுப்புகளும் உண்டு.

சேர்ந்து வாசிக்கும் நிகழ்ச்சி ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். முதலில் ஆகக் கஷ்டமான பாட்டைப் பெரிய பிள்ளைகள் சிலர் வாசிப்பார்கள். அடுத்து அதைவிடச் சற்று இலேசான பாட்டு, அது தெரிந்தவர்களும் எழுந்து வந்து சேர்வார்கள். இப்படிப் படிப்படியாக இறங்க இறங்கக் கூட்டம் கூடிக்கொண்டே போகும். கடைசியில் முதல் பாடத்து மெட்டு. நேற்றுத் தொடங்கிய நான்கு வயதுப் பிள்ளையும் பதினாறு வயது அண்ணனும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வாசிப்பார்கள். நாளைக்குத் தான் எங்கே போய்ச் சேரலாம் என்பதைச் சின்னது கண்ணால் காண்கிறது. பழைய பாடம் கழிந்துபோகவில்லை என்பதைப் பெரியது உணர்கிறது.

தாய் தகப்பனின் பங்கு

இந்த முறையில் பிள்ளையை வகுப்பில் விட்டுவிட்டுப் பெற்றோர் வீட்டுக்குப் போக முடியாது. தாயோ தகப்பனோ கொப்பியும் பேனையுமாக வகுப்பில் இருந்து கவனிக்க வேண்டும். பல இடங்களில் முதல் பாட்டைத் தாயே முதலில் பழகுவார். அம்மா வாசிப்பதைப் பார்த்தால், "எனக்கும் தாங்க" என்று பிள்ளையே கேட்டு வரும். வீட்டில் தினமும் அந்தப் பாட்டுகள் ஒலிக்க வேண்டும். பயிற்சி சின்னப் பிள்ளைக்கு ஐந்து பத்து நிமிஷம் போதும், ஆனால் ஒரு நாளும் தவறக் கூடாது. தினமும் பயிற்சி வேண்டாம், சாப்பிடுகிற நாட்களில் மட்டும் செய்தால் போதும் என்று சுசுகி வேடிக்கையாகச் சொல்வாராம்.

திருத்தும்போது முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும், பிறகு திருத்த வேண்டியதில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். அடிப்பதும், அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதும் இங்கே இல்லை.

நமக்கு எது பொருந்தும்?

இந்த முகாம்களுக்குக் கட்டணம் உண்டு, வாத்தியமும் விலைதான். பிள்ளை வளர வளர வயலினை மாற்ற வேண்டும். அதனால் அங்கேயும் பலர் வாடகைக்கு எடுக்கிறார்கள், அல்லது அக்காவின் சட்டை தங்கச்சிக்குப் போவதுபோல் கைமாற்றிக்கொள்கிறார்கள். கொழுந்து நிறுத்துவிட்டு வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டும் தாயிடம், ஒரு மணித்தியாலம் பிள்ளையோடு உட்காருங்கள் என்று சொல்ல எங்களுக்கு மனம் வராது. ஆனால் அடுப்படியில் வேலை செய்துகொண்டே பத்து நிமிஷம் பிள்ளை ஒப்புவிப்பதைக் கேட்கலாம். வாய்ப்பாட்டில் இன்று ஒரு வரி, நாளைக்கு அதையும் சேர்த்து இரண்டு வரி. சொல்லியதற்கு ஒரு நல்ல வார்த்தை. இதற்குக் காசு தேவையில்லை. பாடசாலை லீவு நாளில் பெரிய வகுப்புப் பிள்ளைகளைச் சின்னவர்களோடு உட்கார வைத்தால் இரண்டு பேருக்கும் நல்லது.

காமன் கூத்துக் காலத்தில் தப்பு அடிக்கிற நம் ஆட்களுக்கு யார் பாடம் எழுதிக் கொடுத்தது? சின்ன வயதில் கேட்டு, பெரியவர்களைப் பார்த்து, தகர டின்னில் தட்டிப் பழகியதுதான். சுசுகி வயலினில் கண்டது நம் லயத்தில் எப்போதோ இருந்தது. தப்பு வந்த கைக்குக் கணக்கும் வரும், வயலினும் வரும்.

வயலின் பழகும் ஆசை பிள்ளைக்கு உண்மையாக இருந்தால் வழி இல்லாமல் இல்லை. கர்நாடக சங்கீதம் நமது பாடசாலைகளில் சாதாரண தரம் வரை உள்ள அழகியல் பாடங்களில் ஒன்று. வட இலங்கை சங்கீத சபையின் பரீட்சைகளில் வயலினும் ஒரு பாடம். யாரோ விற்கிறார்கள் என்று பழைய வயலினை அவசரப்பட்டு வாங்க வேண்டாம். பிள்ளையின் கை அளவையும் வாத்தியத்தின் நிலையையும் சங்கீத டீச்சரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். டீச்சரிடம் பேசத் தயக்கமாக இருந்தால் உங்கள் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், நாங்கள் கூட வந்து பேசுகிறோம். அதுவரை பிள்ளையின் காதில் விழும்படி "உனக்கு வராது" என்று மட்டும் சொல்லாதிருங்கள்.