இன்ஜினே இல்லாத விமானத்தில் வந்து கோட்டையைப் பிடித்த ஜெர்மன் வீரர்கள்... எபன் எமாலில் நடந்தது என்ன?

பெல்ஜியத்தின் எபன் எமால் கோட்டை, ஆல்பர்ட் கால்வாய் பாலங்களைக் காக்க கட்டப்பட்டது. தரைவழியா நெருங்குவது ரொம்ப கஷ்டம். ஆனா கூரையில் வெறும் புல்வெளிதான், கண்ணிவெடிகூட கிடையாது. வீரர்கள் அங்கே ஃபுட்பால் ஆடுவாங்களாம்!

அந்தப் புல்வெளியைத்தான் ஜெர்மனி குறிவைத்தது. 1940 மே 10 அதிகாலை, கொலோன் நகரிலிருந்து டிஎஃப்எஸ் 230 ரக கிளைடர்கள் கிளம்பின. ஜங்கர்ஸ் 52 விமானங்கள் இவற்றைக் கயிறு கட்டி இழுத்து வந்து, எல்லை அருகே கழற்றிவிட்டன. அதன்பிறகு இன்ஜின் சத்தமே இல்லை.

ஏன் பாராசூட்டில் குதிக்கவில்லை? குதித்தால் ஆளுக்கொரு பக்கம் சிதறிவிடுவார்கள். கிளைடரில் பைலட்டோடு சேர்த்து 10 பேர் வரை ஆயுதங்களுடன் ஒரே இடத்தில் இறங்கலாம். தரையிறங்கியதும் பைலட்டும் துப்பாக்கியைத் தூக்கணும். கிளைடர் திரும்பப் பறக்காதே!

கோட்டைக்குக் கிளம்பிய 11 கிளைடர்களில் 9 மட்டுமே முதலில் வந்து சேர்ந்தன. தளபதி ருடால்ஃப் விட்ஸிக்கின் கிளைடர் கயிறு அறுந்து ஜெர்மனியிலேயே இறங்கிவிட்டது. அவர் வந்து சேர சில மணி நேரம் ஆச்சு. அதற்குள் அவரது ஆட்கள் 50 கிலோ வெடிகளை வைத்து முக்கிய பீரங்கிகளை முடக்கிவிட்டார்கள். மறுநாள் கோட்டை சரணடைந்தது. கோட்டையைத் தாக்கிய ஜெர்மானியர்களில் இறந்தவர்கள் 6 பேர்.

1941 மே மாதம் கிரீட் தீவில் இதே பாணியில் இறங்கியபோது, எதிரிகள் தயாராகக் காத்திருந்தார்கள். தீவு கிடைத்தாலும் ஆயிரக்கணக்கான வீரர்கள் பலியானார்கள். அதோடு பெரிய அளவிலான வான்வழித் தாக்குதலே வேண்டாம் என ஹிட்லர் முடிவெடுத்துவிட்டார்.