தவளைத் தோலும் பவுடர் டப்பாவும்

சித்திரை வெயிலில் கோயில் பிரகாரத்தை வெறுங்காலோடு மூன்று சுற்று சுற்றிவிட்டு வந்தார் பெரியப்பா. அவருக்குப் பதினெட்டு வருடச் சர்க்கரை. கட்டைவிரலுக்கு அடியில் கொப்புளம் கிளம்பியிருந்ததே அவருக்குத் தெரியவில்லை. அது உடைந்து வேட்டியில் கறை பட்டபோதுதான் பார்த்தார். வீட்டில் எப்போதும் ஒரு ஆன்டிபயாடிக் பவுடர் டப்பா இருக்கும். அதைத் தூவினார். நாலாம் நாள் பொருக்குத் தட்டியது. “பாரு, காஞ்சிடுச்சு. வலிகூட இல்ல” என்றார்.

மூன்றாவது வாரம் பெரியம்மாதான் முதலில் வாடையைக் கண்டுபிடித்தார். டாக்டர் பொருக்கைப் பெயர்த்துவிட்டு, முனை மழுங்கிய உலோகக் கம்பி ஒன்றைப் புண்ணுக்குள் மெல்ல விட்டார். உள்ளே கல்லில் இடித்தது போல நின்றது. எலும்பு. கம்பி எலும்பைத் தொட்டால் எலும்புக்குள்ளும் கிருமி போயிருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். பெரியப்பாவுக்கு இரண்டு விரல்கள் போயின.

அந்தப் பவுடர்மீது எனக்கு வெகுநாள் கோபம் இருந்தது. விசாரித்துப் பார்த்தபோது, பெரியப்பா நினைத்தது ஒன்றும் பைத்தியக்கார யோசனை இல்லை என்று தெரிந்தது. மாத்திரையோ ஊசியோ எதுவானாலும் மருந்து ரத்தத்தோடு போய்த்தான் பாதத்தைச் சேர வேண்டும். சர்க்கரைக்காரர்கள் பலருக்குக் காலுக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்திருக்கும். தெருக்கோடி வீட்டுக்குத் தண்ணீர் வராத கதைதான். மருந்தின் அளவைக் கூட்டலாம் என்றால், ஏற்கெனவே தளர்ந்துபோன சிறுநீரகம் தாங்காது. ஜென்டாமைசின் போன்ற மருந்துகளுக்கு இந்தக் கெட்ட பெயர் நிறையவே உண்டு. ஆகவே புண் இருக்கும் இடத்திலேயே மருந்தை வைத்தால் என்ன? மருத்துவ உலகமும் இதே கேள்வியைத்தான் நூறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

முதல் உலகப் போரின்போது பிரான்ஸின் பூலோன் நகரில், சூதாட்ட விடுதியாக இருந்த கட்டடத்தில் ஒரு ராணுவ ஆய்வுக்கூடம் இயங்கியது. அங்கே அலெக்சாண்டர் ஃபிளெமிங் வேலை பார்த்தார். பெனிசிலினை அவர் கண்டுபிடிக்க இன்னும் பத்து வருடத்துக்கு மேல் இருந்தது. சிப்பாய்களின் காயங்களில் கிருமிநாசினியை ஊற்றியும் சீழ் நிற்கவில்லை. ஏன் என்று பார்க்க அவர் ஒரு கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி, அதன் சுவரை முள் முள்ளாக இழுத்துவிட்டார். குண்டு துளைத்த காயத்தின் சந்துபொந்துகளுக்கு அது மாதிரி. கிருமியுள்ள திரவத்தை நிரப்பிக் கொட்டி, கிருமிநாசினியை ஊற்றிவைத்து, அதையும் கொட்டிவிட்டுப் புதுத் திரவம் ஊற்றினார். கிருமிகள் மறுபடி பெருகின. முள் நுனிகளுக்குள் மருந்து எட்டவே இல்லை.

சர்க்கரைக் கால் புண்ணில் இந்தச் சந்துபொந்துகளோடு இன்னொரு சங்கடமும் சேர்கிறது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் உள்சுவரில் வழுவழுவென்று ஒரு படலம் பிடித்திருக்குமே, அதுபோலக் கிருமிகள் கூட்டாகச் சேர்ந்து தங்களைச் சுற்றி ஒரு கோழைப் படலத்தைக் கட்டிக்கொள்கின்றன. தொட்டியில் குளோரினைக் கொட்டினால் மட்டும் அது போய்விடுமா? தேய்த்துக் கழுவ வேண்டும். புண்ணிலும் அப்படித்தான்: செத்த சதையைச் சுரண்டி எடுக்காமல் மேலே எதைத் தூவினாலும் அடியில் இருப்பவை நிம்மதியாக இருக்கும்.

ஆனாலும் மேற்பூச்சு மருந்துக்கான தேடல் நிற்கவில்லை. இனி அந்தத் தவளைக் கதை. 1980-களின் நடுவில் அமெரிக்காவில் மைக்கேல் ஸாஸ்லாஃப் என்ற விஞ்ஞானி ஆப்பிரிக்க நகத் தவளைகளை அறுத்து ஆய்வு செய்துகொண்டிருந்தார். தையல் போட்டுக் கலங்கலான தொட்டித் தண்ணீரில் விட்ட தவளைகளுக்குச் சீழ் பிடிக்கவே இல்லை. தவளைத் தோலில் கிருமியைக் கொல்லும் ஒரு புரதத் துணுக்கு இருப்பதைக் கண்டுபிடித்து 1987-ல் வெளியிட்டார். கேடயம் என்று பொருள்படும் எபிரேயச் சொல்லிலிருந்து ‘மகைனின்’ என்று பெயர் வைத்தார். அதை ஒட்டிச் செயற்கையாக உருவாக்கியதுதான் பெக்ஸிகனான் களிம்பு. அதைச் சர்க்கரைக் கால் புண்ணிலும் பயன்படுத்திப் பார்க்க நினைத்தார்கள்.

லேசான தொற்று உள்ள 835 பேரிடம், ஓஃப்லாக்சசின் மாத்திரையோடு ஒப்பிட்டு அதைச் சோதித்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு குணம். கம்பெனிக்குச் சந்தோஷம். ஆனால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1999-ல் அனுமதி மறுத்துவிட்டது. இரண்டும் சமம் என்றால் இரண்டும் வேலை செய்தன என்று ஆகிவிடுமா? புண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்து கட்டுப் போட்டதாலேயே ஆறியிருக்கலாம் அல்லவா? மருந்தில்லாத வெறும் களிம்போடு ஒப்பிடுங்கள் என்றார்கள். பல வருடம் கழித்து இன்னொரு கம்பெனி அப்படியே செய்தது. 2016-ல் முடிவு வந்தது. வெறும் களிம்பைத் தவளை மருந்தால் ஜெயிக்க முடியவில்லை. அதே ஆண்டில், ஜென்டாமைசினை ஊறவைத்த கொலாஜன் பஞ்சைப் புண்ணில் வைத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளும் இப்படியே தோற்றன.

எனக்கு இது தோல்விக் கதையாகப் படவில்லை. மருந்தில்லாத களிம்பு பூசியவர்களுக்கும் குணமானதே, அதை யாரும் தலைப்புச் செய்தி ஆக்கவில்லை. புண்ணை ஒழுங்காகச் சுத்தம் செய்து கட்டுவதற்கு யார் விளம்பரம் கொடுப்பார்கள்?

சர்வதேச நீரிழிவுக் கால் செயற்குழுவும் அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கமும் சேர்ந்து 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் மேற்பூச்சு பற்றித் தெளிவாகவே சொல்கிறது. தொற்று இருந்தால் மாத்திரை அல்லது ஊசி. அதோடு மேற்பூச்சு ஆன்டிபயாடிக் சேர்ப்பதால் பலன் என்பதற்கு ஆதாரம் போதவில்லை, எனவே வேண்டாம். தொற்றே இல்லாத புண்ணுக்கு எந்த ஆன்டிபயாடிக்கும் கூடாது. சீழோ சிவப்போ வீக்கமோ சூடோ இல்லாத புண்ணுக்கும் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பவுடர் தூவும் நம் வழக்கத்தை இந்தக் கடைசி வரி நேராகவே குட்டுகிறது. நியோமைசின் கலந்த பவுடர்கள் சிலருக்குத் தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும் என்பது தனிக் கணக்கு.

ஆனால் மருந்தைப் புண்ணிலேயே வைக்கும் அந்தப் பழைய யோசனை ஆபரேஷன் தியேட்டரில் வேறு வேஷத்தில் உயிரோடு இருக்கிறது. எலும்பில் பரவிய தொற்றுக்கு, கெட்ட எலும்பைச் சுரண்டி எடுத்த பிறகு ஒரு குழி மிஞ்சும். அதை நிரப்பச் சில அறுவை மருத்துவர்கள் வான்கோமைசினோ ஜென்டாமைசினோ கலந்த சின்னச் சின்ன மணிகளை உள்ளே வைக்கிறார்கள். ஜவ்வரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். இதற்கான பொருள் கால்சியம் சல்ஃபேட். எலும்பு முறிந்தால் மாவுக்கட்டுப் போடுகிறோமே, அந்த மாவின் சுத்தமான வடிவம். எலும்புக் குழியை இந்த மாவால் அடைக்கும் வழக்கம் 1892-லேயே ஜெர்மனியில் பதிவாகியிருக்கிறது. மணி சில வாரங்களில் தானே கரைந்துவிடும். அதுவரை மருந்து அங்கேயே கசிந்துகொண்டிருக்கும். ரத்தத்தில் கலப்பது சொற்பம் என்பதால் சிறுநீரகத்துக்கும் பாரம் குறைவு. முன்பு எலும்புச் சிமென்ட்டில் செய்த மணிகளை வெளியே எடுக்க இன்னொரு ஆபரேஷன் வேண்டியிருந்தது. இதில் அந்தத் தொல்லை இல்லை. கரையும்போது சிலருக்கு வெள்ளையாக நீர் வடியும், பார்த்தவர்கள் சீழ் என்று பதறுவார்கள்.

இதுவும் நிரூபணமான வைத்தியம் இல்லை. அந்த 2023 வழிகாட்டுதல் எலும்புத் தொற்றுக்கும் இதைச் சிபாரிசு செய்யவில்லை. இருந்தாலும் பவுடருக்கும் மணிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. மணி வைப்பதற்கு முன் செத்ததையெல்லாம் வெட்டி எடுத்தாக வேண்டும். பவுடரோ, வெட்டி எடுக்க வேண்டியதை மூடிவைக்கிறது.

பவுடரைப் போலவே நம்மிடம் உள்ள இன்னொரு வழக்கம், மருந்துக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடும் மாத்திரைகள். மேலை நாட்டுப் பாதப் புண்களில் பெரும்பாலும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி இருக்கும். நம் போன்ற வெப்ப நாடுகளில் சூடோமோனாஸ், ஈ.கோலை மாதிரியானவை அதிகம். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மருந்து நமக்குக் கேட்கும் என்று சொல்ல முடியாது.

மருந்தைத் தாண்டி இன்னொன்றும் உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கால்களைப் பார்த்துப் பார்த்து ஒன்றைப் புரிந்துகொண்டார்: புண்ணைக் கெடுப்பது நோயைவிட, வலி தெரியாமல் அதன்மீதே நடப்பதுதான். பிறகு அமெரிக்காவில் சர்க்கரைக்காரர்களின் மரத்துப்போன கால்களுக்கும் அதே பாடத்தைக் கொண்டுபோனார். மரத்துப்போன கால்களுக்குத் தரும் மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பும் இந்தப் புரிதலை ஒட்டி வந்ததுதான். பெரியப்பா பவுடர் தூவிய மூன்று வாரமும் தினம் காலையில் பால் வாங்க நடந்துகொண்டுதான் இருந்தார்.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயதுவந்தவர்கள் நூறு பேரில் 14 பேருக்குச் சர்க்கரை. உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம். இன்று ராத்திரி அவருடைய உள்ளங்காலை ஒரு கண்ணாடி வைத்துப் பாருங்கள். நம் தோல் நிறத்தில் சிவப்பு சட்டென்று தெரியாது. புறங்கையை வைத்து, சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். புண்ணைச் சுற்றி ஒரு ரூபாய் நாணய அகலத்துக்கு மேல் சிவப்போ சூடோ பரவியிருந்தால், வாடை வந்தால், காய்ச்சல் அடித்தால், விடியும்வரை காத்திருக்க வேண்டாம். கிளம்பும்போது புண்ணின் மேல் எதையும் தூவாதீர்கள். சுத்தமான துணியைச் சுற்றி, அந்தக் காலை ஊன்ற விடாமல் கூட்டிப் போங்கள்.