டிக்கியில் தேங்கும் மழைநீர்... ஓட்டை அங்கே இல்லை!

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வண்டி ஒவ்வொரு வளைவிலும் திரும்பும்போது பின்னாலிருந்து ‘சளக்... சளக்’ என்று சத்தம் வந்தால், தண்ணீர் கேன் உருளுகிறது என்றுதான் முதலில் நினைப்போம். ஊர் போய்ச் சேர்ந்து டிக்கியைத் திறந்து, கார்பெட்டைத் தூக்கி, ஸ்டெப்னியை வெளியே எடுத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். ஸ்டெப்னி இருந்த குழியில் அரை வாளித் தண்ணீர்!

உடனே எல்லோரும் செய்வது ஒன்றுதான். குழிக்குள் ஓட்டையைத் தேடுவார்கள். அங்கே இருக்காது. தண்ணீர் தேங்கும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு. கூரையில் நுழைந்த சொட்டு, உட்புறத் தகடு வழியாகவே இறங்கி, காரின் பின்பக்கத்தில் ஆகத் தாழ்வான அந்தக் குழியில் வந்து சேர்ந்திருக்கும்.

வாழவந்தி போன்ற சேர்வராயன் மலை ஊர்களில் இந்தத் தொல்லைக்கு எல்லாமே தோதாக இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. நடுவில் கோடை மழை வேறு. மழை விட்டாலும் பனிமூட்டம் விடாது என்பதால் நனைந்தது சீக்கிரம் காயாது. காபித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் இலையை உதிர்த்துக்கொண்டே இருக்கும். மரத்தடியில் நிறுத்திய காரின் இடுக்குகளில் அந்த இலை மக்கி, களிமண் மாதிரி அடைத்துக்கொள்ளும். இதற்கெல்லாம் மேலே, சரிவு. மலையில் சமதளத்தில் கார் நிறுத்த இடம் கிடைப்பதே அபூர்வம். முகத்தை மேட்டுப் பக்கம் வைத்து நிறுத்தினால், கூரையில் விழும் மழை முழுக்கப் பின்பக்கம்தான் ஓடிவரும்.

இந்தச் சிக்கலை நன்றாகப் புரிய வைப்பவை, துணிக்கூரையை மடக்கித் திறக்கும் கன்வெர்டிபிள் கார்கள். நம் ஊரில் அவை அபூர்வம்தான். ஆனால், அவற்றில் தண்ணீர் போகும் வழியைத் தெரிந்துகொண்டால் நம் வீட்டுக் காரும் புரிந்துவிடும். துணியில் வழியும் மழை, கூரை காருடன் சேரும் இடத்தில் உள்ள ஒரு சிறு வாய்க்காலில் விழும். அங்கிருந்து இருக்கைகளுக்குப் பின்னால் இரு பக்கமும் இறங்கும் குழாய்கள் வழியே, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் கொட்டும். அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் வாய்க்கால் நிரம்பி உள்ளே வழியும். உலகம் முழுக்க 10 லட்சத்துக்கும் மேல் தயாரான மஸ்டா எம்.எக்ஸ்-5 காரின் சொந்தக்காரர்கள் இதை நன்றாக அறிவார்கள். 1989-ல் வந்த அதன் முதல் மாடலில் பேட்டரியே டிக்கியில்தான் இருந்தது. பி.எம்.டபிள்யூ. இசட்-4 முதல் தலைமுறைக் காரில், கூரையை இயக்கும் மோட்டார் இந்த வடிகாலுக்குப் பக்கத்திலேயே தாழ்வாக இருக்கும். அடைத்துக்கொண்ட இலைக்குப்பையை எடுக்காமல் விட்டதால் மோட்டாரையே மாற்றியவர்கள் பலர்.

‘நம்மிடம் கன்வெர்டிபிள் இல்லையே’ என்கிறீர்களா? சன்ரூஃப் இருக்கிறதா? அதே கதைதான். சன்ரூஃப் ரப்பர் தண்ணீரை முழுசாகத் தடுப்பதில்லை. அதைத் தாண்டி வருவது உள்ளே ஒரு தட்டில் விழுந்து, பெரும்பாலான கார்களில் நான்கு மூலைகளிலும் உள்ள மெல்லிய குழாய்கள் வழியே வெளியேற வேண்டும். பின்பக்கக் குழாய் அடைத்தாலோ, இணைப்பில் கழன்றாலோ, தண்ணீர் நேராக டிக்கிக்குத்தான். முகம் மேட்டைப் பார்க்க நிறுத்தும்போது மட்டும் டிக்கி நனைகிறது, திருப்பி நிறுத்தினால் நனைவதில்லை என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது பின்பக்க வடிகால்களை.

சன்ரூஃபும் இல்லாத காரா? அப்படியென்றால் நுழைவாயில்கள் வேறு. பின்விளக்குகளுக்குப் பின்னால் இருக்கும் கேஸ்கெட் வெயிலில் இறுகி வெடித்திருக்கலாம். டிக்கி பீடிங் ஓரிடத்தில் அமுங்கிப் போயிருக்கலாம். கூரையில் இருக்கும் ஆன்டெனாவின் அடிப்பகுதி, ஹேட்ச்பேக் என்றால் பின்வைப்பருக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாய் என்று பட்டியல் நீளும். பின்பம்பருக்கு உள்ளே, காருக்குள் இருக்கும் காற்று வெளியேற ரப்பர் மடிப்புகள் கொண்ட ஒரு சிறு ஜன்னல் உண்டு. அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. பின்னால் இடி வாங்கி டிங்கரிங் செய்த வண்டி என்றால், தகடுகள் சேரும் இடத்தில் பூசிய சீலரைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

செலவில்லாத வேலை, ஆனால் இரண்டு பேர் வேண்டும். டிக்கியைக் காலி செய்து, கார்பெட்டை எடுத்து, எல்லாவற்றையும் நன்றாகத் துடைத்துக் காயவையுங்கள். தகடு இணைப்புகள் மீதும், விளக்குகளுக்குக் கீழேயும் டால்கம் பவுடரை லேசாகத் தூவுங்கள். தண்ணீர் வந்த பாதை பவுடரில் கோடு போட்டமாதிரி தெரியும். பின்இருக்கையை மடக்கி, ஒருவர் காருக்குள் உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்க்கட்டும். (உள்ளே ஆளை வைத்து டிக்கியை மூடும் வேலை வேண்டாம். குழந்தைகளைக் கிட்டவே விடாதீர்கள்.)

வெளியே இருப்பவர் தோட்டத்துக் குழாயில் மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும். கீழிருந்து மேலே போக வேண்டும். முதலில் பம்பர், பிறகு விளக்கு, பிறகு பீடிங், பிறகு கண்ணாடி, கடைசியில் கூரை. ஒவ்வொரு இடத்திலும் 5 நிமிடமாவது நிதானியுங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, எது குற்றவாளி என்றே தெரியாது. வாட்டர் சர்வீஸ் கடையில் இருக்கும் பிரஷர் பம்ப் இதற்கு உதவாது. அது நல்ல ரப்பரையும் தாண்டித் தண்ணீரை உள்ளே தள்ளிவிடும்.

பீடிங்கைச் சோதிக்க ஒரு காகிதத் துண்டு போதும். அதை வைத்து டிக்கியை மூடிவிட்டு இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் ஒரே மாதிரி இறுக்கம் இருக்க வேண்டும். எங்கே வழுக்கிக்கொண்டு வருகிறதோ, அங்கேதான் இடைவெளி.

சரிசெய்யும்போது...

வடிகால் குழாய்க்குள் கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், கிழிந்துவிடும். பங்க்சர் கடையில் கம்ப்ரஸர் காற்றை அடித்தால் கீழே இணைப்பு கழன்று, நாளை இன்னொரு இடத்தில் ஒழுகும். புல்வெட்டும் மெஷினில் போடும் நைலான் நரம்பை மெதுவாக உள்ளே விட்டு எடுப்பதே நல்லது. பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்றியது சக்கரத்துக்குப் பக்கத்தில் சொட்ட வேண்டும்.

விளக்கு கேஸ்கெட்டையும் பீடிங்கையும் புதிதாக மாற்றிவிடுவதே மலிவு. பாத்ரூமுக்குப் பூசும் சிலிக்கானைத் தடவிவிடுவோம் என்று சிலர் கிளம்புவார்கள். அதில் வினிகர் வாடை அடிக்கும் வகை தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். காருக்கென்று விற்கும் பியூட்டைல் டேப் அல்லது பாலியூரித்தேன் சீலரைக் கேட்டு வாங்குங்கள். எதைப் பூசினாலும், வடிகால் துளையை மட்டும் ‘ஓட்டை’ என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள்!

ஸ்டெப்னி குழியின் அடியில் ரப்பர் மூடி இருக்கும். தேங்கியதை வெளியேற்ற அதைக் கழற்றலாம். ஆனால், அப்படியே திறந்து போட்டுக்கொண்டு ஓட்டக் கூடாது. சாலைத் தண்ணீர் மட்டுமல்ல, சைலன்ஸர் புகையும் அதன் வழியே உள்ளே வரும். மஹிந்திரா தார் மாதிரி தரையில் வடிகால் மூடி வைத்து, கழுவிவிடும்படியே செய்த வண்டிகளின் கதை வேறு.

ஓட்டை அடைபட்டதும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சு, மேலே காய்ந்த பிறகும் பல நாள் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். பூஞ்சை வாடை வருவது அதிலிருந்துதான். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் அந்தக் காரில் பயணமே சிரமம். வாடைக்குக் காபித்தூள் பொட்டலம் வைப்பது ஏற்காட்டுக்காரர்களுக்குச் சுலபம்தான், ஆனால் பஞ்சு காயாதே! அதைக் கழற்றி, மலையில் வெயில் இல்லையென்றால் சேலத்துக்குக் கொண்டுபோயாவது காயவையுங்கள். ஜாக்கியையும் ஸ்பேனரையும் துடைத்து எண்ணெய் போடுங்கள். துருப்பிடித்த ஜாக்கியுடன் ராத்திரி மலைப்பாதையில் பங்க்சர் ஆகி நிற்பது சாதாரண அவஸ்தை இல்லை. டிக்கியில் பேட்டரியோ எலெக்ட்ரானிக் பெட்டிகளோ இருக்கும் கார் என்றால், சோதனைக்கு முன்பே மெக்கானிக்கைக் கேட்டுவிடுங்கள். ஹைபிரிட், எலெக்ட்ரிக் கார்களில் ஆரஞ்சு நிற ஒயர்களைத் தொடவே வேண்டாம். இன்ஷூரன்ஸில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருந்துவிடாதீர்கள். நாள்பட்ட தேய்மானத்துக்குச் சாதாரண மோட்டார் பாலிசி பணம் தராது.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கும் இதே ஸ்டெப்னி குழிதான் முதல் சாட்சி. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் வெள்ளத்தில் மூழ்கின. இருக்கையையும் கார்பெட்டையும் மாற்றிப் பளபளப்பாக்குவது எளிது. ஸ்டெப்னியைத் தூக்கி, குழியின் மூலைகளையும் போல்ட்டுகளையும் விரலால் தடவிப் பாருங்கள். சும்மா மழை ஒழுகிய வண்டியில் துருவும் மக்கிய இலையும்தான் இருக்கும். விரலில் வண்டல் மண் ஒட்டினால், அந்த வண்டி ஒழுகவில்லை, மூழ்கி எழுந்திருக்கிறது.