சூனியப் படங்களும் மாமி கொடுத்தனுப்பிய வட்டிலப்பமும்

நோன்புப் பெருநாள் விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கிய வாரம். தரம் 10 மாணவி ஒருத்தி இடைவேளையில் என்னிடம் வந்து, "டீச்சர், சிஹ்ர் செஞ்ச சாப்பாட்ட எப்பிடிக் கண்டுபிடிக்கிற?" என்று கேட்டாள். விசாரித்ததில் விசயம் இதுதான். பெருநாளைக்கு அவளுடைய மாமி, அதாவது வாப்பாவின் ராத்தா, வட்டிலப்பம் கொடுத்தனுப்பியிருக்கிறார். உம்மா அதை யாருக்கும் கொடுக்காமல் வளவில் குழி தோண்டிப் புதைத்துவிட்டார். அதற்கு முந்திய கிழமை வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஒரு துருக்கிப் படம் பார்த்திருக்கிறார்கள். அதில் உறவுக்காரப் பெண் ஒருத்திதான் சூனியம் செய்கிறாளாம்.

படத்தின் பெயரைக் கேட்டு நானும் பார்த்தேன். ஒன்றோடு நிற்கவில்லை. தொடர்ந்து இரவில் வினாத்தாள் திருத்தி முடித்த பிறகு இதே வகைப் படங்களைத் தேடிப் பார்த்தேன். பெரிய நிறுவனங்களின் படங்கள் அல்ல, குறைந்த செலவில் தனியாட்கள் எடுத்தவை. பிள்ளைகளின் கைத்தொலைபேசிக்கு இவைதான் அதிகம் வருகின்றன, பெரும்பாலும் தமிழில் கதை சொல்லும் ஒருவரின் குரலோடு சுருக்கப்பட்டு.

இந்த வகைக்குப் புது வழி காட்டிய படம் 1999இல் அமெரிக்காவில் வெளியான 'த பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்'. டேனியல் மிரிக், எடுவார்டோ சான்செஸ் என்ற இரண்டு இளைஞர்கள் இயக்கியது. மேரிலாந்து மாநிலக் காட்டுக்குள் சூனியக்காரி பற்றி ஆவணப்படம் எடுக்கப்போன மூன்று மாணவர்கள் காணாமல் போகிறார்கள். அவர்களுடைய கெமராவில் இருந்ததுதான் இந்தப் படம் என்பது கதை. சுமார் 8 நாட்களில் படப்பிடிப்பு. செலவு சில பத்தாயிரம் டொலர்கள் என்பார்கள். வசூல் 24 கோடி டொலருக்கும் மேல். படம் முழுவதும் சூனியக்காரியை ஒருமுறைகூடக் காட்டவில்லை. காட்டப் பணம் இல்லை. மரக்குச்சிகளைக் கட்டித் தொங்கவிட்டார்கள், நடிகர்களிடமே கெமராவைக் கொடுத்தார்கள், அவர்களுடைய உண்மைப் பெயர்களையே பாத்திரங்களுக்கும் வைத்தார்கள், 'காணவில்லை' என்று சுவரொட்டி ஒட்டினார்கள். ஏராளமானோர் நம்பிவிட்டார்கள். நடிகை ஒருவரின் தாய்க்கு அனுதாபக் கடிதங்கள் வந்தன. கதை நடப்பதாகச் சொல்லப்பட்ட பர்கிட்ஸ்வில் என்ற சின்னஞ்சிறு ஊருக்குக் கூட்டம் திரண்டு, ஊர்ப் பெயர்ப் பலகைகளைக் களவெடுத்துக்கொண்டு போனது. அந்த ஊரில் அப்படி ஒரு பழங்கதையே இருந்ததில்லை. எல்லாம் இயக்குநர்கள் உண்டாக்கியது.

பணமில்லாமல் பயமுறுத்துவதற்கான வழியை இந்தப் படம் உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தது. ஒரு வீடு, நாலைந்து நடிகர்கள், இருட்டு, ஆடும் கெமரா, 'உண்மைச் சம்பவம்' என்ற ஒரு வரி.

மேற்கிலே 'சூனியக்காரி' என்று தன்னைத் தானே அழைத்துக்கொள்ளும் ஒரு கூட்டமும் உண்டு. இங்கிலாந்தில் பழைய சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்ட பின்னர் ஜெரால்ட் கார்ட்னர் என்பவர் 'விக்கா' என்ற புதுச் சமயத்தைப் பகிரங்கமாகப் பரப்பினார். அந்தச் சூழலை வைத்து அனா பில்லர் 2016இல் 'த லவ் விட்ச்' எடுத்தார். உடை, அரங்கப் பொருள், இசை என்று பெரும்பகுதியை அவரே செய்த படம். ஆண்களை வசியம் செய்ய மருந்து காய்ச்சும் ஒருத்தியின் கதை. நம் பிள்ளைகளுக்கு உகந்ததல்ல. ஆனால் ஊரார் கூடி அவளை எரிக்கச் சொல்லிக் கத்தும் ஒரு காட்சி எனக்கு மறக்கவில்லை.

நம்மோடு நெருங்கி வருவது துருக்கிப் படங்கள். ஹசன் கரஜாதாவின் 'தப்பே' வரிசை 2006இல் தொடங்கியது. அல்பர் மெஸ்ட்சியின் 'சிஜ்ஜீன்' 2014இல் வந்து பல பாகங்கள் கண்டது. பெயர்களைக் கவனியுங்கள். முதலாவது ஸூரா அந்நம்லில் வரும் 'தாப்பத்', இரண்டாவது ஸூரா அல்முதஃப்பிஃபீனில் வரும் 'ஸிஜ்ஜீன்'. வேடிக்கை என்னவென்றால், துருக்கியில் சூனியம், குறி சொல்லல், தாயத்து எழுதுதல் எல்லாவற்றையும் 1925ஆம் ஆண்டுச் சட்டமொன்று தடை செய்திருக்கிறது. ஆனால் திரையில் கொடி கட்டிப் பறக்கிறது.

'சிஜ்ஜீன்' முதல் பாகத்தில், மணமான உறவுக்காரன் மீது ஆசை கொண்ட ஒருத்தி அவன் மனைவியை அழிக்கச் சூனியக்காரனிடம் போகிறாள். 2013இல் வந்த 'தப்பே' பாகத்தில் மருதோன்றி இரவன்று ஒரு மணப்பெண்ணை ஜின் பிடிக்கிறது. இரண்டிலும் வீடு, குடும்பம், கல்யாணம், வெளியார் இல்லை. இங்கேதான் பணக்கணக்கு வருகிறது. செலவு செய்யக்கூடிய நிறுவனம் தூரத்து மலையில் ஒரு பூதத்தைக் கணினியில் உருவாக்கிவிடும். செலவு செய்ய முடியாதவர் தீமையை ஒரு மனித முகத்தில் வைக்க வேண்டியிருக்கிறது. கதை ஒரே வீட்டுக்குள் நடப்பதால் அந்த முகம் மச்சியாகவோ மாமியாகவோ அயல்வீட்டுப் பெண்ணாகவோதான் இருக்கும். பேய் கெமராவில் தெரிவதில்லை, மாமி தெரிகிறார்.

சிஹ்ர் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அஹ்லுஸ் ஸுன்னாவின் பெரும்பான்மை உலமாக்கள் அதற்கு உண்மைத் தன்மை உண்டு என்றே சொல்லியிருக்கிறார்கள். ஸூரா அல்பகராவின் 102ஆம் வசனம் கணவன் மனைவியைப் பிரிக்கும் சூனியத்தைப் பேசுகிறது. அல்லாஹ்வின் நாட்டமின்றி அதனால் எவருக்கும் தீங்கு செய்ய முடியாது என்பதும் அதே வசனத்தில்தான் இருக்கிறது. படங்கள் முதலாவதை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுகின்றன.

இன்னொன்றையும் விட்டுவிடுகின்றன. நபி (ஸல்) அவர்களுக்கு லபீத் இப்னுல் அஃஸம் சூனியம் வைத்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நபியவர்கள் பழிவாங்கவில்லை. அதை வெளிப்படுத்தினால் மக்களிடையே தீங்கு கிளம்பும் என்று அஞ்சினார்கள், கிணறு மூடப்பட்டது. வஹி வந்தவர்களே அப்படி நடந்தார்கள். நமது ஷாபிஈ மத்ஹபில் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்', சூனியத்தால் கொன்றதாகச் சொல்லப்படும் குற்றம் செய்தவனின் ஒப்புதலால்தான் நிறுவப்படும், சாட்சிகளால் அல்ல என்கிறது. காரணம் தெளிவு. சாட்சி எதைக் கண்டான்? ஒருவர் வட்டிலப்பம் அனுப்பியதைக் காணலாம். அதற்குள் சூனியம் இருந்ததை எந்தக் கண்ணாலும் காண முடியாது.

படத்திலோ 75ஆவது நிமிடத்தில் ஒரு ஹோஜா வந்து பெயரைச் சொல்லிவிடுவார், அல்லது நோயாளியின் வாயால் ஜின்னே சொல்லிவிடும். நமது ஊர்களிலும் ஓதிப் பார்க்கிறவர்களில் சிலர், எல்லோரும் அல்ல, பால் கிதாபைத் திறந்து இதையேதான் செய்கிறார்கள். முழுப் பெயர் சொல்வதில்லை. முதல் எழுத்து மட்டும்.

இதற்கு மாறாக ஒரு படம் இருக்கிறது. ருங்கானோ நியோனி 2017இல் எடுத்த 'ஐ ஆம் நாட் எ விட்ச்'. ஸாம்பியாவில் நடக்கும் கதை. எங்கிருந்தோ வந்த எட்டொன்பது வயதுச் சிறுமி ஒருத்தியை ஊரார் சூனியக்காரி என்கிறார்கள். தண்ணீர் வாளியோடு வந்த பெண் அவளைக் கண்டு தடுக்கி விழுந்தாள் என்பது சாட்சியம். இன்னொருவர், அவள் என் கையைக் கோடரியால் வெட்டினாள் என்கிறார். பொலிஸ் அதிகாரி பார்த்தால் இரண்டு கையும் இருக்கிறது. கனவில் வெட்டினாளாம். அந்தப் பிள்ளையைச் 'சூனியக்காரிகள் முகாமுக்கு' அனுப்புகிறார்கள். அங்கே கிழவிகள் பறந்துவிடாமல் முதுகில் நீண்ட வெள்ளை நாடா கட்டப்பட்டிருக்கிறது. பிறகு அரச அதிகாரி ஒருவர் கள்வனைக் கண்டுபிடிக்க அவளைக் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நிறுத்தப்பட்ட ஆண்களில் ஒருவனைக் காட்டச் சொல்கிறார். பிள்ளைக்கு என்ன தெரியும்? முகாமிலுள்ள கிழவிகளுக்கு போன் பண்ணி யோசனை கேட்கிறாள். சிரிப்பு வரும், அடுத்த நிமிடம் வராது.

நியோனி கானாவில் உண்மையாகவே இருக்கும் அப்படிப்பட்ட முகாமொன்றில் தங்கிப் பார்த்தவர். அந்த வடக்கு கானாவில்தான் 2020 ஜூலையில் 90 வயது மூதாட்டி ஒருவரைச் சூனியக்காரி என்று சந்தையில் அடித்தே கொன்றார்கள். இது தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். 2012இல் ஜித்தாவின் கடைத்தொகுதியொன்றில், ஒரு சிறுமி திடீரென மாறி நடந்துகொண்டாள் என்ற முறைப்பாட்டில் நம் நாட்டுப் பெண்ணொருவர் சூனியச் சந்தேகத்தில் கைதானதாகச் செய்தி வந்தது. முறைப்பாட்டின்படி அவர் செய்ததெல்லாம் அந்தச் சிறுமிக்குப் பக்கத்தில் வந்தது மட்டும்தான்.

ஒரு சனிக்கிழமை அந்த மாணவியின் வீட்டுக்குப் போனேன். உம்மா பிளேன்டீ தந்தார். பேச்சுவாக்கில் ஓதிப் பார்த்தவர் சொன்னதும் வந்தது. "'ப' வுல தொடங்குற பேராம் டீச்சர். எங்கட குடும்பத்துல 'ப' ண்டா மாமி மட்டுந்தான்" என்றார். வளவு எல்லைப் பிரச்சினை மாமியோடு ஆறு வருடமாக இருக்கிறது என்பதை அதற்குப் பிறகுதான் சொன்னார். படம் பார்ப்பதற்கு முன்பும் கோபம் இருந்தது, ஆனால் பெருநாளைக்குச் சாப்பாடு போய் வந்துகொண்டிருந்தது.

நான் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. ஸாம்பியப் படத்தின் கதையை மட்டும் சொன்னேன். உம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். மகள்தான் இடையில் புகுந்து, "'ப' ண்டா எங்கட டீச்சரும்தானே உம்மா" என்றாள். அவர் சிரித்தார். பிறகு என் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், எழும்பிப் போய் பிஸ்கட் கொண்டுவந்தார். மாமி வீட்டோடு பேச்சு தொடங்கியதா என்று இன்னும் கேட்கவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மூன்று கிழமை இருக்கிறது.