ஸ்பானிய மொழியில் ‘பேசாதே’

ஸ்பானியத்தில் ‘ஆப்லா’ என்றால் பேசு. மறுப்புக்கு ‘நோ’ என்ற சொல் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் ‘பேசாதே’ கிடைத்துவிடும் என்றுதான் புதிதாகப் படிப்பவர் நினைப்பார். ஆனால் ‘நோ ஆப்லா’ என்றால் ‘அவன் பேசுவதில்லை’ என்று பொருள். தடுக்க நினைத்தவர் தகவல் சொன்னவராகிவிடுவார்.

காரணம், அந்த மொழியின் ஏவல் வினை ‘நோ’வை ஏற்காது. ‘பேசாதே’ போலத் தடைக்கென்றே ஒரு வடிவம் தமிழில் உண்டு, ஸ்பானியத்தில் கிடையாது. ‘நீ பேச வேண்டுமென்று விரும்புகிறேன்’, ‘அவன் வருவான் என்று நான் நம்பவில்லை’ போன்ற வாக்கியங்களில் விருப்பத்தையும் ஐயத்தையும் காட்டும் ஒரு வினைவடிவம் இருக்கிறது. தடை சொல்ல அதைத்தான் கடன் வாங்குகிறார்கள். தடையும் ஒரு விருப்பம்தானே!

செய்முறை எளிது. ‘நான்’ என்பதற்குரிய நிகழ்கால வடிவத்தை எடுத்து, கடைசி ஓகாரத்தை நீக்க வேண்டும். பிறகு உயிரை மாற்றிப்போட வேண்டும்: ‘ஆர்’ என முடியும் வினைகளுக்கு எகரம், ‘ஏர்’, ‘ஈர்’ என முடிபவற்றுக்கு அகரம். ஆப்லோ (பேசுகிறேன்), நோ ஆப்லெஸ் (பேசாதே). கோமோ (சாப்பிடுகிறேன்), நோ கோமஸ் (சாப்பிடாதே). ‘நான்’ வடிவத்திலிருந்து தொடங்குவதில் ஒரு லாபம் உண்டு. ‘வை’ என்பதற்கான ஏவல் ‘போன்’ என்று குறுகிப்போன ஒழுங்கற்ற சொல்; தடையிலோ ‘போங்கோ’விலிருந்து ‘நோ போங்கஸ்’ என்று ஒழுங்காகவே வந்துவிடுகிறது. போகாதே (நோ பாயஸ்), இராதே (நோ சேயஸ்) போன்ற சில அடங்காப் பிள்ளைகளை மட்டும் மனப்பாடம் செய்தே ஆக வேண்டும்.

நாக்கு தடுமாறுவது உண்மையில் வேறிடத்தில். ‘அதை என்னிடம் சொல்’ என்பது ‘தீமெலோ’: என்னிடம், அதை இரண்டும் வினையின் வாலில் ஒட்டியிருக்கின்றன. ‘நோ’ வந்ததும் அவை கழன்று முன்னால் ஓடிவிடும்: ‘நோ மெ லோ திகஸ்’. பேச்சு வேகத்தில் உயிரையும் மாற்றி, இடத்தையும் மாற்றுவதற்குப் பழக்கம் வேண்டும்.

மரியாதைப் பேச்சில் இந்தத் தொல்லை பாதிதான். ‘பேசுங்கள்’ என்பதே அந்தக் கடன் வடிவம்தான்: ‘ஆப்லெ’. முன்னால் ‘நோ’ சேர்த்தால் போதும். அறிவிப்புப் பலகைகள் இன்னும் சோம்பேறித்தனமானவை. அகராதி வடிவத்தை அப்படியே போட்டு ‘நோ ஃபூமார்’ (புகைபிடிக்காதீர்) என்று முடித்துக்கொள்கின்றன.

‘பேசு’ என்பதற்கு மாட்ரிட்காரர் ‘ஆப்லா’ என்று முதல் அசையை அழுத்துவார். புவனஸ் அயர்ஸ்காரர் அழுத்தத்தைக் கடைசி அசைக்குத் தள்ளுவார். ‘பேசாதே’ என்று வந்தால் இருவர் வாயிலும் பெரும்பாலும் அதே ‘நோ ஆப்லெஸ்’தான்.