வாடகை வீட்டில் சைக்கிள் திருடு போனால் காப்புறுதி கைகொடுக்குமா?

வீட்டுக் காப்புறுதி பற்றிப் பேச்செடுத்தாலே வாடகைக்குக் குடியிருப்பவர்கள், “அது வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ள வேண்டியது, நமக்கெதற்கு?” என்று ஒதுங்கிக்கொள்வது வழக்கம். படிக்கட்டின் அருகே பூட்டி வைத்த பிள்ளையின் சைக்கிள் ஒருநாள் காலையில் காணாமற்போன பிறகுதான், “வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதே, பணம் கிடைக்காதா?” என்று கேட்கிறார்கள். அந்தச் சைக்கிளில்தான் ஒருவர் வேலைக்குப் போகிறார் என்றால், அது குடும்ப வருமானத்தையே தொடும் கேள்வி. ஆகவே இதை இன்று விளக்கமாகப் பார்ப்போம்.

எது யாருடைய காப்புறுதி?

மலேசியாவில் வீட்டுக்கு இரண்டு வகைக் காப்புறுதிகள் உண்டு. ‘ஹவுஸ்ஓனர்’ என்பது கட்டடத்துக்கு: சுவர், கூரை, கதவு, ஜன்னல் போன்றவை. ‘ஹவுஸ்ஹோல்டர்’ என்பது வீட்டுக்குள் இருக்கும் பொருள்களுக்கு: தளவாடம், துணிமணி, தொலைக்காட்சி, சைக்கிள் போன்றவை. உங்கள் வீட்டுக்காரர் முதல் வகையை எடுத்திருந்தால் அது அவருடைய கட்டடத்தைத்தான் காக்கும். அவர் இரண்டாவது வகையையும் எடுத்திருக்கலாம். அதுவும் பொதுவாக அவருக்குச் சொந்தமான பொருள்களுக்கே. அடுக்குமாடியாக இருந்தால், 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்படி நிர்வாகத் தரப்பும் காப்புறுதி எடுக்கிறது. அதுவும் கட்டடத்துக்குத்தான்.

ஆக, வாடகைக்கு இருப்பவருடைய பொருளுக்கு வாடகைக்கு இருப்பவர்தான் காப்புறுதி எடுக்க வேண்டும். சொந்த வீடு இல்லாதவரும் ஹவுஸ்ஹோல்டர் காப்புறுதி எடுக்கலாம். தக்காஃபுல் நிறுவனங்களிலும் இத்தகைய திட்டம் உண்டு.

உடைத்து நுழைந்தானா?

பத்திரத்தை எடுத்தாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எந்தத் திருட்டுக்கும் பணம் கிடைத்துவிடுமா? இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். வழக்கமான ஹவுஸ்ஹோல்டர் பத்திரத்தில், திருடன் வன்முறையாகக் கட்டடத்தை உடைத்து உள்ளே வந்திருக்க வேண்டும் அல்லது உடைத்து வெளியேறியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும்.

வீட்டுக் கதவை நெம்பித் திறந்து, கூடத்தில் இருந்த சைக்கிளை எடுத்துச் சென்றால் இழப்பீடு கோர வழி உண்டு. கதவைத் தாழிடாமல் போனதால் ஒருவன் நுழைந்து எடுத்துச் சென்றால், உடைத்த அடையாளம் இல்லை என்று கோரிக்கை மறுக்கப்படலாம். படிக்கட்டிலோ ஐந்தடியிலோ பூட்டியிருந்த சைக்கிளின் சங்கிலியை வெட்டி எடுத்தால்? உடைபட்டது சங்கிலிதான்; வீடு உடைபடவில்லை. எவ்வளவு விலையுயர்ந்த பூட்டுப் போட்டிருந்தாலும் இதே கதைதான். எல்.ஆர்.டி. நிலையத்தில் விட்டுச் சென்ற சைக்கிளுக்கும் இது பொருந்தும்.

சில நிறுவனங்கள் கூடுதல் சந்தாவுக்கு, உடைக்காமல் நடக்கும் திருட்டையும் சேர்த்துக்கொள்கின்றன. வீட்டுக்கு வெளியேயும் பாதுகாப்பு வேண்டுமென்றால் அதையும் தனியாகக் கேட்க வேண்டும். மின்சாரச் சைக்கிள் வைத்திருப்பவர்களும், சைக்கிளைத் தொழிலுக்குப் பயன்படுத்துபவர்களும் அது பத்திரத்தில் அடங்குமா என்று முகவரிடம் எழுத்து மூலம் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை பிறகு உதவாது.

எவ்வளவு கிடைக்கும்?

வழக்கமான பத்திரத்தில், தனியாகக் குறிப்பிடப்படாத ஒரு பொருளுக்கு மொத்தக் காப்புறுதித் தொகையில் 5 விழுக்காடுதான் உச்சவரம்பு. தளவாடம் போன்ற சில பொருள்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. 20,000 வெள்ளிக்குக் காப்புறுதி எடுத்திருந்தால் ஒரு பொருளுக்கு 1,000 வெள்ளிக்கு மேல் கிடைக்காது. உங்கள் சைக்கிள் 3,000 வெள்ளி பெறும் என்றால், அதைப் பெயர் குறிப்பிட்டு, விலையோடு பத்திரத்தில் பதியச் சொல்லுங்கள்.

இன்னொன்று: சந்தாவை மிச்சப்படுத்தத் தொகையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். வீட்டுப் பொருள்களின் உண்மை மதிப்பு 40,000 வெள்ளியாக இருக்க, 20,000 வெள்ளிக்கு மட்டும் எடுத்தால், 800 வெள்ளி இழப்புக்குப் பாதியான 400 வெள்ளிதான் தருவார்கள். தேய்மானம் கழிக்கும் பத்திரமா, புதுப்பொருளின் விலையைத் தரும் பத்திரமா என்பதையும் கேளுங்கள். ஐந்து ஆண்டு ஓடிய சைக்கிளுக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் அதிகம்.

திருடு போன பின்

உடைந்த பூட்டையோ கதவையோ சரிசெய்யும் முன் படம் எடுங்கள். உடனே காவல் நிலையத்தில் புகார் செய்து அதன் நகலை வாங்குங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் தாமதிக்காமல் தெரிவியுங்கள். வாங்கிய ரசீது, சைக்கிளின் படம், சட்ட எண் மூன்றும் கையில் இருந்தால் வேலை சுலபம். பெடல் பொருத்தியிருக்கும் இடத்தின் அடிப்பாகத்தில் பெரும்பாலும் அந்த எண் பொறிக்கப்பட்டிருக்கும். இன்றே குறித்து வையுங்கள்.

கோரிக்கையை நிறுவனம் மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள். அதன் முடிவும் நியாயமாகப் படவில்லையா? 2025 ஜனவரி முதல் செயல்படும் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவைக்கு, இறுதி முடிவு கிடைத்த ஆறு மாதத்துக்குள் போகலாம். பயனீட்டாளருக்கு அங்கே கட்டணம் கிடையாது.

300 வெள்ளி சைக்கிளுக்காக மட்டும் காப்புறுதி எடுப்பது லாபமில்லைதான். ஆனால் தீயோ திருட்டோ வந்தால் வீட்டுச் சாமான் அத்தனையையும் திரும்ப வாங்க உங்களால் முடியுமா? அதை வைத்து முடிவெடுங்கள். பத்திரம் கைக்கு வந்ததும் ‘திருட்டு’ என்ற பகுதியை முதலில் படியுங்கள். அதுவரைக்கும், அதற்குப் பிறகும், இரவில் சைக்கிளை வீட்டுக்குள் வைத்துக் கதவைப் பூட்டுங்கள்.